பாறையின் உடல் மாறும் கதை: நமக்குக் கீழே உருகலும் திரவமும் செய்யும் வேலை

கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளைப் பற்றி எதை எழுதினாலும், அந்த இடத்தின் உரிமை பற்றிய கேள்விகளோடு இன்னொரு கேள்வியும் வாசகர்களிடமிருந்து வந்துவிடும்: “கீழே எரிமலை இருக்கிறதா?” மன்னார்த் தீவின் கனிய மணல் பற்றி எழுதினால் வேறொரு கேள்வி வரும்: “எங்கள் மண்ணுக்குக் கீழே உண்மையில் என்னதான் இருக்கிறது?”

இரண்டும் நியாயமான கேள்விகள். சுனாமியைக் கண்ட கரையில் வாழ்பவர்களும், காணி திரும்பக் கிடைக்குமா என்று காத்திருப்பவர்களும் நிலத்தைப் பற்றிக் கேட்கும் கேள்வியை வெறும் அறிவுத் தேடல் என்று ஒதுக்க முடியாது. ஆனால் சரியான பதில் சொல்ல, நிலத்தின் மேற்பரப்பிலிருந்து மிக ஆழமாக இறங்க வேண்டியிருக்கிறது. அங்கே, பல பத்துக் கிலோமீற்றர் முதல் சில நூறு கிலோமீற்றர் வரையான ஆழத்தில், உருகிய பாறையும் சூடான திரவங்களும் திண்மப் பாறையினூடாக ஊர்ந்து சென்று அதன் இரசாயனச் சேர்க்கையையே மாற்றுகின்றன. எரிமலை எங்கே வரும், வைரம் எங்கே கிடைக்கும், பசளைக்கான கல் எங்கே இருக்கும், ஒரு கண்டம் எவ்வளவு உறுதியாக நிற்கும் என்பவற்றில் இந்த மாற்றத்துக்குப் பெரும் பங்குண்டு.

நான் புவிச்சரிதவியலாளர் அல்ல, செய்தியாளர். ஆய்வாளர்கள் தங்களுக்குள் பேசும் மொழியில் இருக்கும் இந்த விடயத்தை, உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்காத ஒருவரும் பின்தொடரக்கூடிய விதத்தில் தொகுத்துத் தருவதே இங்கு என் வேலை.

மென்மூடி என்பது என்ன?

நாம் நிற்கும் புவியோடு மெல்லியது. கண்டங்களுக்குக் கீழே பொதுவாக 30 முதல் 50 கிலோமீற்றர் வரையும், சமுத்திரங்களுக்குக் கீழே சுமார் 7 கிலோமீற்றரும் தடிப்புள்ளது. அதற்குக் கீழே சுமார் 2,900 கிலோமீற்றர் ஆழம் வரை இருப்பது மென்மூடி. பூமியின் கனவளவில் ஏறத்தாழ 84 சதவீதம் அதுதான். அதன் மேற்பகுதி, அதாவது சுமார் 660 கிலோமீற்றர் ஆழம் வரையுள்ள பகுதி, மேல் மென்மூடி எனப்படுகிறது.

பலர் நினைப்பதுபோல மென்மூடி கொதிக்கும் குழம்பு அல்ல. அது திண்மப் பாறை. கோடிக்கணக்கான ஆண்டுகள் என்ற அளவில் மட்டுமே அது மெதுவாக நெளிந்து நகரும். மேல் மென்மூடியின் முக்கிய பாறைக்குப் பெரிடோற்றைற் என்று பெயர். பச்சை நிற ஒலிவைன் கனியம் அதில் மிகுதி. அதோடு இரண்டு வகைப் பைரொக்சீன்களும், ஆழத்தைப் பொறுத்து ஸ்பைனல் அல்லது கார்னெற்றும் இருக்கும். மக்னீசியம், இரும்பு, சிலிக்கா ஆகியவை இதில் அதிகம். பொற்றாசியம், பொசுபரசு, நீர் போன்றவை மிகக் குறைவு.

இந்தப் பாறை ஓரளவு உருகினால், உருகிய பகுதி கல்சியம், அலுமினியம், சோடியம் போன்றவற்றை எடுத்துக்கொண்டு மேலே போய்விடும். எரிமலைகள் கக்கும் பசோல்ற்றுக் குழம்பு பெரும்பாலும் இப்படி வந்ததே. எஞ்சியிருக்கும் பாறை ‘வறிய’ பாறை. ஹார்ஸ்பேர்கைற் என்று அதை அழைப்பார்கள். உருகக்கூடியதைப் பெருமளவு இழக்காத ‘வளமான’ பாறைக்கு லேர்சொலைற் என்று பெயர். இந்த இரண்டு பெயர்களும் பின்னர் மீண்டும் வரும்.

அவித்த முட்டையும் கருவாடும்

பாறை மாறுவதில் இரண்டு விதம் உண்டு. முட்டையை அவித்தால் உள்ளே இருப்பது இறுகி வேறாகிறது. ஆனால் வெளியிலிருந்து எதுவும் உள்ளே போகவில்லை, உள்ளிருந்து எதுவும் வெளியே வரவில்லை. வெப்பமும் அமுக்கமும் மட்டும் பாறையை இப்படி மாற்றினால் அது உருமாற்றம். பாடசாலையில் நாம் படித்த உருமாறிய பாறைகளின் கதை அது.

கருவாடு வேறு. மீனைப் பிளந்து உப்பிட்டால் உப்பு உள்ளே போகிறது, நீர் வெளியே வருகிறது. மீனின் வடிவம் அப்படியே இருக்கும், ஆனால் அது எதனால் ஆனதோ அதுவே மாறிவிடுகிறது. பாறைக்கும் இப்படி நடக்கும்போது அதை மெற்றசோமற்றிசம் என்கிறார்கள். கிரேக்க மொழியில் ‘மெற்றா’ மாற்றத்தையும் ‘சோமா’ உடலையும் குறிக்கும். உடல்மாற்றம் என்று தமிழில் சொல்லலாம். திண்மமாக இருந்தபடியே ஒரு பாறை தன் ஊடாகச் சென்ற உருகலிடமோ திரவத்திடமோ சில மூலகங்களைப் பெற்று, சிலவற்றைக் கொடுத்து, வேறு பாறையாவதே இந்த உடல்மாற்றம்.

திண்மப் பாறையினூடாக ஒன்று எப்படிப் பாயும்? புட்டுக் குழலில் மாவை அடைத்து அவிக்கும்போது, மாவின் மணிகளுக்கு இடையே நீராவி வழி கண்டுபிடித்து மேலே வருகிறது அல்லவா? பெரிடோற்றைற் பாறையும் சிறு பளிங்குகளின் தொகுப்புத்தான். அந்தப் பளிங்குகள் ஒன்றையொன்று தொடும் விளிம்புகளில் உருகல் தங்கும். கனவளவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான உருகல் இருந்தாலே அது ஒன்றோடொன்று இணைந்து நகரத் தொடங்கிவிடும். வெடிப்புகள் கிடைத்தால் இன்னும் வேகமாகப் பாயும். போகும் வழியெல்லாம் பளிங்குகளோடு தாக்கம் புரியும்.

உருகலும் திரவமும் எங்கிருந்து வருகின்றன?

மூன்று வழிகள் முக்கியமானவை.

ஒன்று, ஆழத்திலிருந்து சூடான பாறை மேலெழும்போது அமுக்கம் குறைந்து அது ஓரளவு உருகுவது. வெப்பநிலை கூடாமலேயே இப்படி உருக முடியும். சமுத்திர நடுமுகடுகளிலும், ஹவாய் போன்ற இடங்களிலும் நடப்பது இது.

இரண்டு, சமுத்திரத் தட்டு ஒன்று இன்னொரு தட்டின் கீழ் அமிழும்போது அது எடுத்துச் செல்லும் நீர் வெளியேறுவது. கடலடிப் பாறை கோடிக்கணக்கான ஆண்டுகள் கடல்நீரில் ஊறிக் கிடந்தது. அதன் கனியங்களுக்குள்ளேயே நீர் கட்டுண்டிருக்கும். ஆழத்தில் சூடேறும்போது அந்தக் கனியங்கள் உடைந்து நீரை வெளியிடும். மேலேயுள்ள மென்மூடிக்குள் அது ஏறும். அந்த ஆழத்தின் அமுக்கத்தில் அது வெறும் நீராக இருக்காது. சிலிக்கா, பொற்றாசியம், பேரியம் எனப் பலவற்றைக் கரைத்து வைத்திருக்கும் கனமான திரவமாக இருக்கும்.

மூன்று, மிகச் சிறிய அளவு மட்டும் உருகும்போது உருவாகும் விசேடமான உருகல்கள். பாறையில் காபனீரொட்சைட்டோ நீரோ இருந்தால், ஒரு சதவீதத்துக்கும் குறைவான பகுதி முதலில் உருகும். பளிங்குகளுக்குள் இடம் கிடைக்காத மூலகங்கள் எல்லாம் இந்தச் சிறு உருகலில் சேர்ந்துவிடும். பொற்றாசியம், பொசுபரசு, யூரேனியம், தோரியம், அருமண் மூலகங்கள் ஆகியவை இந்த வகை. அளவில் சிறிதானாலும் இவ்வுருகல் தொட்ட பாறையை அடியோடு மாற்றும் வலிமையுள்ளது.

இங்கே நீரின் பங்கை அழுத்திச் சொல்ல வேண்டும். 100 கிலோமீற்றர் ஆழத்தில் நீரற்ற பெரிடோற்றைற் உருகுவதற்கு 1,400 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும். போதிய நீர் இருந்தால் சுமார் 1,000 பாகையிலேயே உருகத் தொடங்கிவிடும். நீரற்ற கனியம் என்று சொல்லப்படும் ஒலிவைனுக்குள்கூட மிகச் சிறிதளவு ஐதரசன் நுழைய முடியும். அது பாறையின் உறுதியைக் குறைத்துவிடும்.

கண்ணுக்குத் தெரியும் மாற்றம்: கிம்பர்லி

தென்னாபிரிக்காவின் கிம்பர்லி நகரில் 1871 இல் வைரம் தோண்டத் தொடங்கினார்கள். வைரத்தைச் சுமந்து வந்த பாறைக்கு அந்த ஊரின் பெயரால் கிம்பர்லைற் என்று பெயர் வந்தது. அது 150 கிலோமீற்றருக்கும் கூடிய ஆழத்திலிருந்து மணித்தியாலங்கள் அல்லது சில நாட்களுக்குள் மேலே வெடித்து வந்த குழம்பு. வரும் வழியில் மென்மூடியின் துண்டுகளைப் பிய்த்துக்கொண்டு வந்தது. அந்தத் துண்டுகளை அந்நியக் கற்கள் என்ற பொருளில் செனோலித் என்கிறார்கள். வைரத் தொழிலாளர்கள் குவியலில் வீசிய இந்தக் கற்கள்தான் புவிச்சரிதவியலாளர்களுக்குப் பொக்கிசமாயின.

கிம்பர்லியின் கற்கள் பலவற்றில் எதிர்பாராத ஒன்று இருந்தது. வறிய பெரிடோற்றைற்றில் இருக்கவே முடியாத பழுப்புநிற மைக்காவும், அம்பிபோலும் நரம்புகளாகவும் திட்டுகளாகவும் பரவியிருந்தன. புளோகோபைற் என்ற அந்த மைக்காவுக்குப் பொற்றாசியமும் நீரும் வேண்டும். இரண்டையும் அந்தப் பாறை முன்னரே இழந்துவிட்டது. ஆகவே அவை பின்னர் வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும். 1970களிலும் 1980களிலும் பிரித்தானியப் புவிச்சரிதவியலாளர் பரி டோசன் உள்ளிட்ட பலர் இந்தச் சான்றுகளை ஒழுங்குபடுத்தினர். இப்படிப் புதிய கனியங்கள் தோன்றிக் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் முதலாவது வகை.

கண்ணுக்குத் தெரியாத மாற்றம்

இரண்டாவது வகையில் புதிய கனியம் எதுவும் இருக்காது. கல்லைப் பார்த்தால் பழைய கல்தான். ஆனால் அதன் பைரொக்சீனை ஆய்வுகூடத்தில் அளந்தால், பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில் இருக்கும் மூலகங்கள் பன்மடங்கு கூடியிருக்கும். யாழ்ப்பாணத்தில் கிணறு வைத்திருப்பவர்களுக்கு இது விளங்கும். உவர் ஏறத் தொடங்கிய கிணற்று நீர் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும், அளந்தால்தான் உண்மை தெரியும். டோசன் இதற்கு ‘மறைந்த உடல்மாற்றம்’ என்ற பொருள்படப் பெயரிட்டார்.

மூன்றாவது வகை இன்னும் சிக்கலானது. அதில் புதிய கனியம் சேரும், ஆனால் அது அந்தப் பாறையில் இயல்பாகவே இருக்கக்கூடிய கனியமாக இருக்கும். ஆகவே மாற்றம் நடந்ததையே யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். இதற்கு மிகச் சிறந்த உதாரணம் பிரான்சின் பைரனீஸ் மலையில் உள்ள லேர்ஸ் என்ற இடம். லேர்சொலைற் என்ற பெயரே அங்கிருந்துதான் வந்தது. மென்மூடியின் ஒரு பகுதி அங்கே மேற்பரப்புக்கு வந்து கிடக்கிறது. ஒருவர் அதன் மேல் நடந்து பார்க்கலாம்.

நீண்ட காலமாக, லேர்சின் வளமான பாறை கன்னி மென்மூடி, அதாவது தொடக்கத்திலிருந்தே பெரிதும் மாறாதது என்று நம்பப்பட்டது. அருகில் உள்ள ஹார்ஸ்பேர்கைற் அதிலிருந்து உருகல் பிரிந்து எஞ்சியது என்றும் சொன்னார்கள். 2007 இல் வெரோனிக் லெ றூ, ஜோன்-லூயி பொடினியே முதலானோர் வெளியிட்ட ஆய்வு இந்த வரிசையைத் தலைகீழாக்கியது. அவர்கள் இரண்டு பாறைகளும் சந்திக்கும் எல்லைகளை அளந்தனர். பளிங்குகள் எந்தத் திசையில் படிந்துள்ளன, மூலகங்கள் எல்லையிலிருந்து விலக விலக எப்படி மாறுகின்றன என்று பார்த்தனர். வறிய ஹார்ஸ்பேர்கைற்தான் முதலில் இருந்தது. பின்னர் அதனூடாக ஏறிய பசோல்ற்று உருகல் அதற்கு மீண்டும் கல்சியத்தையும் அலுமினியத்தையும் ஊட்டி அதை லேர்சொலைற்றாக மாற்றியது. ஒரு பாறை இனத்துக்கே பெயர் கொடுத்த ‘கன்னிக் கல்’ உண்மையில் மறுவளமூட்டப்பட்ட கல்.

இது ஒரு கல்லைப் பற்றிய திருத்தம் மட்டுமல்ல. மாறாத மென்மூடி எப்படியிருக்கும் என்பதற்கு அளவுகோலாகப் பார்க்கப்பட்ட பாறையே மாறியதென்றால், வேறு இடங்களில் எடுத்த கற்களையும் திரும்பப் பார்க்க வேண்டும். ஓர் இடத்தில் எது முதலில் இருந்தது, எது பின்னர் வந்தது என்பதை அந்த இடத்தின் இன்றைய தோற்றத்தை வைத்துத் தீர்மானிக்க முடியாது. எல்லையில் நின்று அளக்க வேண்டும். வரலாற்று உரிமை பற்றிய வாதங்களுக்கு நடுவே வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எப்படி இதெல்லாம் தெரியும்?

மனிதர் தோண்டிய மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலா குடாநாட்டில் உள்ளது. 1989 இல் அது 12,262 மீற்றரை எட்டியது. அது புவியோட்டையே தாண்டவில்லை. ஆகவே சான்றுகள் வேறு வழிகளில் கிடைக்கின்றன. எரிமலைகள் கொண்டுவந்த அந்நியக் கற்கள் ஒன்று. லேர்ஸ் போல மேலே தள்ளப்பட்ட பெரும் பாறைத் திணிவுகள் இரண்டு. கடலடியில் மென்மூடிப் பாறை மேற்பரப்புக்கு அருகில் இருக்கும் இடங்களில் துளையிடுவது மூன்று. 2023 இல் அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுமுகட்டை அண்டிய அற்லாண்டிஸ் மாசிஃப் என்ற இடத்தில் 1,268 மீற்றர் நீளத்துக்கு இத்தகைய பாறை எடுக்கப்பட்டது. இவற்றோடு, நிலநடுக்க அலைகள் எங்கே வேகம் குறைகின்றன, பாறை எங்கே மின்னைக் கூடுதலாகக் கடத்துகிறது என்ற அளவீடுகளும், ஆய்வுகூடத்தில் அதே அமுக்கத்தையும் வெப்பத்தையும் உண்டாக்கிச் செய்யும் பரிசோதனைகளும் சேர்கின்றன.

சுந்தா: நீர் ஏறும் இடம்

2004 டிசம்பர் 26 அன்று வடக்கிலும் கிழக்கிலும் தெற்கிலும் கரைகளை அழித்த அலை எங்கிருந்து வந்தது என்பதை நாம் அறிவோம். சுமாத்திராவுக்கு மேற்கே, சமுத்திரத் தட்டு சுந்தாத் தட்டின் கீழ் அமிழும் எல்லையில், சுமார் 1,300 கிலோமீற்றர் நீளத்துக்கு நிலம் வழுக்கியது. நிலநடுக்கத்தின் அளவு 9.1. சுமார் இரண்டு மணித்தியாலத்தில் அலை நமது கிழக்குக் கரையை அடைந்தது. இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

அந்த நிலநடுக்கம் பாறையின் உடல்மாற்றத்தால் வந்ததல்ல. பூட்டிக்கொண்டு நின்ற இரண்டு தட்டுகள் திடீரென வழுக்கியதால் வந்தது. ஆனால் அதே தட்டு இன்னும் ஆழமாக, சுமார் 100 கிலோமீற்றர் வரை இறங்கும்போது, தான் சுமந்த நீரை மேலேயுள்ள மென்மூடிக்குள் விடுகிறது. அந்த நீர் பெரிடோற்றைற்றை மாற்றி அதன் உருகுநிலையைக் குறைக்கிறது. சுமாத்திராவிலும் ஜாவாவிலும் கரைக்குச் சமாந்தரமாக எரிமலைகள் வரிசையாக நிற்பதற்குக் காரணம் இதுதான். 1883 இல் வெடித்த கிரகற்றோவாவும் அந்த வரிசையைச் சேர்ந்தது. அதன் அலைகளும் இலங்கைக் கரையில் உணரப்பட்டன.

இலங்கை அப்படியொரு எல்லையில் இல்லை. நமக்குக் கீழே எந்தச் சமுத்திரத் தட்டும் அமிழவில்லை. ஆகவே கன்னியாக் கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம்: இல்லை, அங்கே எரிமலை இல்லை. பூமியில் எங்கே இறங்கினாலும் ஒரு கிலோமீற்றருக்குச் சுமார் 25 பாகை வீதம் சூடு கூடும். மழைநீர் பாறை வெடிப்புகளினூடாக ஆழத்துக்கு இறங்கிச் சூடாகி, ஆறுவதற்கு முன் வேறொரு வெடிப்பால் மேலே வருகிறது. இலங்கையின் வெந்நீர் ஊற்றுகள் பல, உயர்நிலத் தொகுதி, விஜயன் தொகுதி என்ற இரு பழைய பாறைத் தொகுதிகள் சந்திக்கும் எல்லையை ஒட்டியே இருக்கின்றன. வெடிப்புகள் அங்கே அதிகம்.

கண்டத்தின் வேர் இளகிய கதை

பழைய கண்டங்களின் மையப்பகுதிகளுக்குக் கீழே 200 கிலோமீற்றர் தடிப்பான, குளிர்ந்த, வறிய மென்மூடி ‘வேர்’ போலிருக்கும். இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் அவை அசையாமல் நிற்பதற்கு அந்த வறுமையே காரணம். நீரும் வளமும் இல்லாததால் அவை இலேசானவை, விறைப்பானவை.

வட சீனாவில் இந்த விதி உடைந்தது. ஷான்டொங், லியாவோனிங் மாகாணங்களில் சுமார் 47 கோடி ஆண்டுகளுக்கு முன் வெடித்த கிம்பர்லைற்றுகள் வைரம் கொண்டுவந்தன. அப்போது வேர் தடிப்பாக இருந்தது என்பதற்கு அது சான்று. மிகப் பிந்திய பசோல்ற்றுகள் கொண்டுவந்த அந்நியக் கற்களோ, இன்று பல இடங்களில் வேர் 100 கிலோமீற்றருக்கும் குறைவு, சூடானது, வளமானது என்று காட்டுகின்றன. பசிபிக் பக்கத்திலிருந்து அமிழ்ந்த தட்டின் நீரும் உருகல்களும் நீண்ட காலமாக ஊடுருவி வேரை இளக்கியதே இதற்கு முக்கிய காரணம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அமைதியாக இருக்க வேண்டிய கண்ட நடுப்பகுதி அங்கே அமைதியாக இல்லை. 1976 இல் தங்ஷான் நிலநடுக்கத்தில் 240,000க்கும் மேற்பட்டோர் இறந்தது அந்தப் பழைய கண்டத்தின் மேல்தான்.

எப்பாவல: உள்நாட்டில் ஒரு சான்று

தன்சானியாவில் மாசாய் மக்கள் ‘கடவுளின் மலை’ என்று அழைக்கும் ஒல்டொயினியோ லெங்காய் எரிமலை, உலகில் இன்று இயங்குபவற்றில் தனித்துவமானது. அதன் குழம்பு சிலிக்காவால் ஆனதல்ல, சோடியம் மிகுந்த காபனேற்றால் ஆனது. வெப்பநிலை 500 முதல் 600 பாகை வரைதான். கறுப்பாக வழிந்து, காற்றின் ஈரத்தோடு தாக்கம் புரிந்து வெண்மையாகிவிடும். 1960 இல் அதன் வெடிப்பை அவதானித்து இதை எழுதியவரும் அதே பரி டோசன்தான். இத்தகைய காபனேற்று உருகல்கள் இறுகிய பாறைக்குக் காபனற்றைற் என்று பெயர். உடல்மாற்றம் அடைந்த மென்மூடியோடு இவற்றுக்கு நெருங்கிய தொடர்பு உண்டு. பொசுபரசும் அருமண் மூலகங்களும் இவற்றில் செறிந்திருக்கும்.

அனுராதபுர மாவட்டத்தின் எப்பாவலவில் 1971 இல் கண்டுபிடிக்கப்பட்ட அப்பதைற் படிவு இவ்வாறான காபனற்றைற்றின் மேற்பகுதி கோடிக்கணக்கான ஆண்டு மழையில் கரைந்து எஞ்சியது என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கொள்கின்றனர். பழைய பளிங்குச் சுண்ணக்கல்லிலிருந்து வந்தது என்று வாதிட்டவர்களும் உண்டு. சுமார் 6 கோடி தொன் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. இந்தப் பொசுபேற்று நீரில் எளிதில் கரையாது. ஆகவே தேயிலை, இறப்பர், தென்னை போன்ற நீண்டகாலப் பயிர்களுக்கு அரைத்து இடுகிறார்கள். நெல்லுக்கு நேரடியாகப் பயன்படாது, முதலில் அதைக் கரையும் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது வன்னியிலும் மட்டக்களப்பிலும் வயல் செய்தவர்கள் பட்டபாட்டை நினைத்தால், இந்த ஒரு வரியின் பாரம் புரியும்.

1990களில் இப்படிவை ஒரு பன்னாட்டு நிறுவனத்துக்குக் கொடுத்து, 30 ஆண்டுகளுக்குள் பெருமளவைத் தோண்டி எடுக்கும் ஒப்பந்தம் ஒன்றுக்கு அரசாங்கம் தயாரானது. ஆயிரக்கணக்கானோர் இடம்பெயர நேர்ந்திருக்கும், பழைய வாய்க்கால்களும் பாதிக்கப்பட்டிருக்கும். அப்பகுதி மக்கள் உயர் நீதிமன்றம் சென்றார்கள். புலங்குலம வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில் 2000 ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. முழுமையான ஆய்வும் சட்டப்படியான சுற்றாடல் தாக்க மதிப்பீடும் இல்லாமல் ஒப்பந்தம் செய்யக்கூடாது என்று நீதிமன்றம் தடுத்தது. இயற்கை வளங்களை அரசும் மக்களும் பாதுகாவலர் நிலையில் நின்றே கையாள வேண்டும் என்ற கருத்தையும் அது முன்வைத்தது. சிங்கள விவசாயிகள் பெற்ற இந்தத் தீர்ப்பு, நாட்டின் எந்த மூலையில் இருப்பவருக்கும் முன்னுதாரணம்.

வைரமும் போரும்

வைரமும் உடல்மாற்றத்தின் பிள்ளைதான். காபனைச் சுமந்த திரவமோ உருகலோ மென்மூடிப் பாறையினூடாகச் செல்லும்போது, பாறையின் ஒட்சிசன் நிலை மாறும் இடத்தில் காபன் தனியே படிகிறது. சில வைரங்களுக்குள் அந்தத் திரவத்தின் துளிகள் இன்றும் சிறைப்பட்டிருக்கின்றன. உப்பும் காபனேற்றும் நிறைந்த அந்தத் துளிகள் ஆய்வாளருக்கு நேரடிச் சாட்சி.

அதே கல் அங்கோலாவிலும் சியெரா லியோனிலும் போருக்குப் பணமானது. 2000 ஆம் ஆண்டு கிம்பர்லி நகரில் கூடிய பேச்சுவார்த்தையிலிருந்து, 2003 இல் கிம்பர்லி நடைமுறை என்ற சான்றிதழ் முறை நடைமுறைக்கு வந்தது. அது ‘மோதல் வைரம்’ என்பதை, அரசுகளுக்கு எதிராகப் போரிடும் கிளர்ச்சிக் குழுக்கள் விற்கும் வைரம் என்று வரையறுத்தது. அரச படைகள் இழைக்கும் கொடுமைகள் அந்த வரையறைக்குள் வரவில்லை. மனித உரிமை அமைப்புகள் பல ஆண்டுகளாக இதைக் குறையாகச் சொல்லி வருகின்றன. வரையறையை யார் எழுதுகிறார்கள் என்பதில் எல்லாம் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

மன்னாரும் நாம் கேட்க வேண்டியவையும்

மன்னாரிலும் புல்மோட்டையிலும் உள்ள இல்மனைற் மணல் மென்மூடியிலிருந்து நேரே வந்ததல்ல. உள்நாட்டின் பழைய உருமாறிய பாறைகள் அரிக்கப்பட்டு, ஆறுகளும் அலைகளும் கனமான மணிகளைக் கரையில் பிரித்துச் சேர்த்தவை. யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல்லோ பழைய கடலில் படிந்தது. ஆகவே “கீழே வைரம் இருக்கிறதாம்” போன்ற வதந்திகளை நம்பத் தேவையில்லை. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பிறப்பு வழி உண்டு. எந்தக் கல் எங்கே இருக்க முடியும் என்பதை அந்த வழி தீர்மானிக்கும்.

ஆனால் உண்மையாகவே அங்கே இருப்பதைப் பற்றிக் கேட்க நமக்குச் சட்டம் இடம் தருகிறது. 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்படி கனியங்களின் உரிமை அரசுக்குரியது. ஆய்வுக்கும் அகழ்வுக்கும் அனுமதிப்பத்திரம் வழங்குவது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகம். குறிப்பிட்ட பெருந்திட்டங்களுக்குத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கப்பட வேண்டும். அது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, கருத்துச் சொல்ல 30 நாட்கள் தரப்பட வேண்டும். அதற்கான அறிவித்தல் தமிழிலும் வெளிவர வேண்டும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அனுமதிப்பத்திரம் யாருக்கு, எவ்வளவு நிலத்துக்கு, எவ்வளவு காலத்துக்கு வழங்கப்பட்டது என்று நாட்டின் பிரசைகள் எவரும் கேட்கலாம்.

கேட்கும்போது மூன்று கேள்விகளை எழுத்தில் வையுங்கள். நிலத்தில் என்ன இருப்பதாகச் சொல்கிறீர்கள்? அதை எந்த இடங்களில், எப்படி அளந்தீர்கள்? எடுத்த பின் நிலத்தடி நீருக்கு என்ன நடக்கும்? லேர்சின் கல்லைப் பற்றி நீண்ட காலம் நிலவிய நம்பிக்கை ஒழுங்கான அளவீட்டின் முன் நிற்கவில்லை. ஊர்க் காணியைப் பற்றி யாரோ கொழும்பில் எழுதிய வரியையும் அதே அளவுகோலால் அளந்து பார்க்கலாம்.